கொடி திரும்பும் நேரம்

செங்கோட்டையில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது சாரல் விழுந்துகொண்டிருந்தது. 2019, ஜூன் இரண்டாம் வாரம். குற்றால மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் கிடந்தது. அம்மா ஒரு கம்பளிப் போர்வையைப் பையில் திணித்தாள். “ராத்திரி வண்டியில குளுரும்யா” என்றாள். அப்பாவுக்கு வேறு கணக்கு. பஞ்சாங்கத்தை நம்புகிறவர். “கத்திரி முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு. மெட்ராஸ் இந்நேரம் குளுந்திருக்கும்” என்றார்.

அம்மா சொன்னது மதுரை வரை பலித்தது. அப்பா சொன்னது எழும்பூரில், காலை ஆறு மணிக்கே பொய்த்துப்போனது. பிளாட்பாரத்தில் இறங்கி, இரண்டு பையையும் கீழே வைத்து நிமிர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சூரியன் இன்னும் கட்டடங்களுக்கு மேலே வரவில்லை. எங்கள் ஊரில் வியர்க்க வேண்டுமானால் வெயிலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலை ஏதாவது செய்ய வேண்டும். சும்மா நின்றாலும் வியர்க்கும் ஊர் ஒன்று இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் போர்வையைக் கார்த்திகை வரை பிரிக்கவில்லை. தலையணையாக வைத்துக்கொண்டேன்.

சென்னைக்கு ஆள் வந்து சேரும் மாதம் ஜூன். கல்லூரி திறக்கும், புது வேலைக்கு உத்தரவு வரும், கோச்சிங் சென்டர்களில் புது பேட்ச் தொடங்கும். கிளம்புகிறவர்களை எல்லோரும் மே மாதத்தைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். ஜூனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கத்திரி முடிந்துவிட்டதாம், இனி என்ன பயம் என்ற நினைப்பு. வந்து இறங்குகிறவன் கோடையின் வாலைத்தான் பிடிக்கிறான். அந்த வாலோ தலையைவிட நீளம்.

பழந்தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பள்ளியில் இதைப் படித்தபோது தென்காசிப் பையன்களான எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனி, ஆடியில்தான் எங்களுக்குச் சீசன். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டும், கடைக்காரர்கள் ஈரத் தலையோடு நிற்கிறவர்களுக்குச் சுடச்சுட பஜ்ஜி போடுவார்கள். இதற்குப் போய் வேனில் என்று பெயரா? பரீட்சைக்காக மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்தோம். அந்தக் கணக்கைப் போட்டவர் சென்னைப் பக்கம் ஒரு மாதமாவது இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் தோன்றியது.

நாலாவது மாடி

திருவல்லிக்கேணி மேன்ஷனில் எனக்குக் கிடைத்தது நாலாவது மாடி அறை. அதற்கு மேலே மொட்டை மாடிதான். கீழ்த்தள அறைகளைவிட வாடகை குறைவு. ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை; லாபம் என்று நினைத்துக்கொண்டேன். மேனேஜர் சாவியைக் கொடுத்து, “மேல காத்து நல்லா வரும் தம்பி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. எந்தக் காற்று என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

“சரிங்க அண்ணாச்சி” என்றேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டுச் சிரித்தார். “இங்க அண்ணாச்சின்னா மளிகைக் கடை வச்சிருக்கணும். என்னை அண்ணேன்னே கூப்பிடு.”

எட்டுக்குப் பத்து அறை. இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, மேற்குச் சுவரில் ஒரு ஜன்னல். மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறரை வரை வெயில் அந்தச் சுவரை விட்டு நகராது. முதல் இரவு பதினொரு மணிக்குத் தூக்கம் வராமல் புரண்டபோது கை தற்செயலாகச் சுவரில் பட்டது. இஸ்திரி போட்டு அப்போதுதான் மடித்து வைத்த சட்டையைத் தொட்டதுபோல ஒரு சூடு. பகலெல்லாம் வாங்கி வைத்ததைச் சுவர் ராத்திரி முழுக்கத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே தளமும் அதே வேலையைச் செய்தது. மின்விசிறி அந்த அனலை எடுத்து எங்கள் இருவருக்கும் சமமாகப் பங்கிட்டது.

அறைத் தோழர் பரமக்குடிக்காரர். டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு மூன்றாவது வருடமாகப் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஊர் வெயிலில் வளர்ந்தவர் என்பதால் என்னைப் பார்த்துச் சிரிக்க அவருக்கு உரிமை இருந்தது. வித்தைகள் பல கற்றுக்கொடுத்தார். கட்டிலை விட்டுத் தரையில் படுப்பது. பருத்திக் கைலி தவிர வேறெதையும் தொடாமல் இருப்பது. துண்டை நனைத்து ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவது. இந்தத் துண்டு விஷயத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. முற்பகலில் தொங்கவிட்டால் அறை சட்டென்று குளிரும், அரை மணியில் துண்டு அப்பளமாகக் காய்ந்துவிடும். ராத்திரி தொங்கவிட்டால் விடிகிறவரை ஈரமாகவே கிடக்கும், அறையும் குளிராது. “பகல் காத்து வேற, ராத்திரி காத்து வேறடா” என்பார். ஏன் என்று கேட்டால், அது தேர்வில் வராத கேள்வி என்று புத்தகத்தை விரித்துக்கொள்வார்.

விடை கீழே, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

வந்துட்டான்

மேனேஜர் அண்ணன் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே ஒரு கட்சிக் கொடிக்கம்பம். எந்தக் கட்சி என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, அவருக்கும் தேவைப்படவில்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு அந்தக் கொடி கடலைப் பார்த்துப் பறக்கும். அப்படியென்றால் மேற்கிலிருந்து காற்று. பதினொன்று, பன்னிரண்டு வாக்கில் கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கும். இலை அசையாது. அந்த நேரத்தில்தான் சென்னைக்காரர்கள் “இறுக்கமா இருக்கு” என்பார்கள். பிறகு ஒரு கணம் கொடி நெளியும், தயங்கும், மெல்லத் தலையைத் திருப்பி ஊர்ப்பக்கமாகப் பறக்கும். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, யாரிடம் என்றில்லாமல் சொல்வார்: “வந்துட்டான்.”

கடற்காற்றைத்தான் சொல்கிறார். சென்னையின் கோடை முழுவதும் இந்த ஒருவனின் வருகையில் இருக்கிறது. வெயில் ஏற ஏறக் கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேலே உள்ள காற்று லேசாகி எழும்பும். அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். ஏப்ரல், மே மாதங்களில் பெரும்பாலும் மதியத்துக்கு முன்பே அவன் வந்துவிடுவான்; வெப்பமானியின் ஏற்றம் அதோடு நிற்கும். ஜூனில்தான் தகராறு. தென்மேற்குப் பருவக்காற்று கிளம்பியதும் மேற்கிலிருந்து வருகிற காற்றுக்குப் பலம் கூடுகிறது. கடற்காற்று கரையை ஒட்டியே நிற்க வேண்டியதாகிறது. சில நாள் இரண்டு மணி, சில நாள் மூன்று மணி. சில நாள் வரவே மாட்டான். அவன் வராத நாளில் நகரம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும்.

பஞ்சாங்கத்துக்கு இந்தத் தகராறு தெரியாது. அக்னி நட்சத்திரம் என்பது சூரியன் பரணியின் பின்பகுதியிலிருந்து கார்த்திகையைக் கடந்து ரோகிணியின் தொடக்கம் வரை நகரும் காலம். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடியும். வானத்துக் கணக்கில் பிழையில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் இதுவரை பதிவானதிலேயே அதிக வெப்பம், 45 டிகிரி, 2003 மே 31 அன்று அடித்தது. கத்திரி முடிந்தது என்று எல்லோரும் மூச்சுவிட்ட பிறகு! சராசரியாகப் பார்த்தாலும் சென்னையின் மே மாத உச்ச வெப்பத்துக்கும் ஜூன் மாத உச்ச வெப்பத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே 37 டிகிரியைச் சுற்றித்தான். அப்பாவிடம் இதைச் சொன்னேன். “அது மெட்ராஸ் பஞ்சாங்கமா இருக்கும்” என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு உறைத்தது வேறொன்று. கொடியைக் கடல் பக்கம் தள்ளும் அந்த மேல்காற்று எங்கிருந்து வருகிறது? அரபிக்கடலிலிருந்து. அங்கிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மலை ஏறும்போது குளிர்ந்து, கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரம் சிந்துகிற இடத்தில் தென்காசி இருக்கிறது, குற்றாலம் இருக்கிறது. அதுதான் எங்கள் சாரல். மற்ற இடங்களில் மலையைத் தாண்டிய காற்று கீழே இறங்க இறங்கச் சூடாகிறது. ஈரம் தொலைந்து, உள்நாட்டுக் கட்டாந்தரையெல்லாம் உருண்டு, வேலூர், ராணிப்பேட்டை வெயிலையும் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்து சேர்கிறது. அம்மா போனில் “காத்து குளுகுளுன்னு அடிக்கி, கொடியில துணி நிக்க மாட்டேங்கி” என்பாள். அதே பருவக்காற்றின் இன்னொரு கிளை எங்கள் மேன்ஷன் மொட்டை மாடியில் ஜீன்ஸ் பேன்ட்டை முக்கால் மணி நேரத்தில் காயவைத்துக்கொண்டிருக்கும்.

திசைக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள். கிழக்கிலிருந்து வந்தால் கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. மேற்கிலிருந்து வருவதற்குப் பெயர் கோடை. பருவத்துக்கும் அந்தக் காற்றுக்கும் ஒரே சொல். கடற்கரையில் மேல்காற்றைக் கச்சான் என்பார்கள்.

பாஸ்டனிலிருந்து வந்த குளிர்

மேன்ஷனிலிருந்து கடற்கரைக்கு நடக்கிற தூரம்தான். வழியில் பஸ் நிறுத்தத்துக்குப் பெயர் ஐஸ் அவுஸ். எனக்கு அது முதல் வாரம் கொடுமையான நகைச்சுவையாகப் பட்டது. பிறகுதான் விவரம் தெரிந்தது. கடற்கரைச் சாலையில் வளைந்த முகப்போடு நிற்கிற விவேகானந்தர் இல்லம் 1842-ல் பனிக்கட்டி வைப்பதற்காகக் கட்டிய கிடங்கு. ஃபிரெடரிக் டூடர் என்ற பாஸ்டன் வியாபாரி மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறையும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்து, மாதக்கணக்கில் கடலில் ஓட்டி இங்கே அனுப்பினார். உருகியது போக மிச்சத்தை மெட்ராஸ் வெள்ளைக்காரத் துரைமார்கள் வாங்கினார்கள். பின்னால் உள்ளூரிலேயே இயந்திரத்தில் பனிக்கட்டி செய்ய ஆரம்பித்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1897-ல் விவேகானந்தர் மேலைநாடுகளிலிருந்து திரும்பி வந்தபோது இந்தக் கட்டடத்தில் தங்கினார். கண்டக்டர்களுக்கு இன்றும் அது ஐஸ் அவுஸ்தான்.

மெட்ராஸில் கோடையைக் கழிக்க ஒருவருக்குக் கப்பல் தேவைப்பட்டிருக்கிறது. எங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர் போதும். அந்த வருடம் அதுவும் இல்லை.

2019 கோடையை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 11 டிஎம்சி பிடிக்கும். ஜூனில் நான்கும் தரை தெரிந்து கிடந்தன. நாலு வருடத்துக்கு முன் செம்பரம்பாக்கம் என்ற பெயரைக் கேட்டாலே வெள்ளம் என்று நடுங்கிய ஊர், இப்போது அதே ஏரியின் வெடித்த மண்ணைப் பேப்பரில் பார்த்துக்கொண்டிருந்தது. சில ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின. ஐடி கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. அப்போது அது ஏதோ அதிசயம்போல இருந்தது.

எங்கள் மேன்ஷனில் விடிகாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். ஆளுக்கு ஒரு வாளி. அதற்குப் பிறகு சின்டெக்ஸ் தொட்டியின் அடியில் கொஞ்சம் கிடக்கும். பதினொரு மணிக்கு அதைத் திறந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். அருவிக்கரையில் வளர்ந்தவன் ஒரு வாளியைப் பாதி பாதியாகப் பிரித்துக் குளிக்கப் பழகினேன். தலைக்குக் குளிப்பது ஞாயிறு மட்டும். தெருவில் அடிபம்புக்கு முன்னால் ராத்திரியே பச்சை, நீலம், ஆரஞ்சு குடங்கள் வரிசை போட்டுக் காத்திருக்கும். ஆள் இருக்க மாட்டார்கள், குடம்தான் ஆள். ஒரு குடத்தை நகர்த்தி வைத்தால் எந்த ஜன்னலிலிருந்தாவது ஒரு குரல் வரும். தண்ணீர் லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது, ஆனால் வந்ததும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஒருநாள் போனில் அம்மாவிடம் வாளிக் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இங்க மெயின் அருவியில ஆர்ச்சத் தொட்டு விழுது, குளிக்க விடலய்யா” என்றாள். வெள்ளம் அதிகமானதால் அங்கே குளிக்கத் தடை. வெள்ளமே இல்லாததால் இங்கே. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. மாலை போட்டு வரவேற்ற அந்த எஞ்சினைப் படத்தில் பார்த்து மேன்ஷனே கைதட்டியது. யாருக்கும் அதிலிருந்து ஒரு சொட்டு வந்ததாக நினைவில்லை.

எந்தப் பக்கம் உட்காருவது

தரமணிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் பிழைதிருத்துகிற வேலை எனக்கு. திருவல்லிக்கேணியிலிருந்து பறக்கும் ரயில். பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேலே ஓடுகிற அந்த ரயிலைச் சென்னைக்காரர்கள் மதிப்பதில்லை. நிலையங்கள் பேய் பங்களா மாதிரி இருக்கின்றன என்பார்கள். எனக்கு அவை பிடித்துப்போயின. உயரமான, இருட்டான, பாதி ஆளில்லாத அந்தக் கூடங்களில் எப்போதும் ஏதோ ஒரு வழியாகக் காற்று வந்துகொண்டிருக்கும். மாலையில் வேலை முடிந்ததும் உடனே ரயில் ஏறாமல் அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுவேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தேன். காலையில் தெற்கே போகிற ரயிலில் வெயில் இடது பக்கம். மாலையில் வடக்கே திரும்பும்போது சூரியன் மேற்கே போய்விட்டாலும், ரயிலும் திரும்பிவிடுவதால், வெயில் மறுபடி இடது பக்கம்தான். தினமும் போகிறவர்கள் கூட்டமில்லாத பெட்டியிலும் வலது பக்கம் நெருக்கியடித்து உட்காருவார்கள். இடது பக்கம் தாராளமாகக் காலியாக இருக்கும். அங்கே போய் நிம்மதியாக உட்காருகிறவன் ஊருக்குப் புதுசு. பதினான்கு நாள் அந்த நிம்மதியை நானும் அனுபவித்தேன்.

ராத்திரி மழை

சென்னைக்கு மழை ஐப்பசியில்தான் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். இந்த நகரத்து மழையில் வடகிழக்குப் பருவமழைக்குத்தான் பெரும்பங்கு என்பது சரி. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களும் ஆண்டு மழையில் மூன்றிலொரு பங்கு மாதிரி கொடுத்துவிடுகின்றன. எல்லாம் சாயங்காலத்துக்கு மேல், பெரும்பாலும் தூங்குகிற நேரத்தில் வருகிறவை.

ஜூன் 20-ஐ ஒட்டி, ஆறு மாதத்துக்கும் மேலான வறட்சிக்குப் பிறகு, நகரத்தில் மழை எட்டிப்பார்த்தது. எங்கள் தெருவுக்கு மண்வாசனை மட்டும் வந்துவிட்டுப் போனது. ஜூலை நடுவில் ஒரு ராத்திரி பத்து மணி இருக்கும். மொட்டை மாடியில் பாயை விரித்திருந்தோம். அன்றைக்கு முழுக்கக் கொடி கடல் பக்கமே பறந்திருந்தது, அவன் வரவில்லை. மேற்கே, கோயம்பேட்டுப் பக்கம் வானம் விட்டு விட்டு வெளிச்சமானது. சத்தமில்லை. “தள்ளிப்போயிரும்” என்றார் பரமக்குடிக்காரர். கையில் செல்போனோடு நின்ற இன்னொருவர், வெதர்மேன் பக்கத்தில் ரேடார் படம் போட்டிருப்பதாகவும், திருவள்ளூரில் வெளுத்து வாங்குவதாகவும் அறிவித்தார். சென்னையில் மழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் செல்போனில் பார்த்துவிடுவார்கள் என்பதும் எனக்குப் புதுசு.

முதலில் காற்றுதான் வந்தது. மேற்கிலிருந்து. அதே மேல்காற்று, ஆனால் குளிர்ந்த காற்று. மொட்டை மாடியில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். ஒரு நொடி, சத்தியமாக, தென்காசியில் நிற்கிறேன் என்றே நினைத்தேன். அடுத்து வாளி எடுத்துக்கொண்டு மேனேஜர் அண்ணன் நாலு மாடி மூச்சிரைக்க ஏறி வந்தார். “வேடிக்கை பாக்காதீங்கப்பா, பக்கெட்ட வைங்க, பக்கெட்ட வைங்க!” மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாயின் வாயில் வாளி, குடம், டப்பா, யாரோ ஒருவருடைய பிரஷர் குக்கர். முதல் ஐந்து நிமிடத் தண்ணீர் கறுப்பாக வந்தது. ஆறு மாதத் தூசி. யாரும் அதைக் கொட்டவில்லை. கக்கூஸுக்கு ஆகும் என்று ஒதுக்கி வைத்தோம்.

இருபது நிமிடத்தில் மழை நின்றுவிட்டது. மேகம் எங்கள் தலைக்கு மேலே கடந்து கடலுக்குள் இறங்கியது. நள்ளிரவு வரை கலங்கரை விளக்கத்துக்கு அப்பால் கடல் மேல் மின்னிக்கொண்டே இருந்தது. பகல் முழுக்கச் சுட்ட மேல்காற்றுதான், உள்நாட்டில் திரண்ட இடிமேகத்தை ராத்திரி இங்கே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. திட்டிய வாயால் அதை என்ன சொல்வது என்று தெரியவில்லை. படுத்தபோது கை மறுபடி சுவரில் பட்டது. சூடு இறங்கியிருந்தது. கட்டிலில் படுத்தேன், ஐந்து வாரத்தில் முதல் முறை.

ஸ்டேஷன் பக்கமும் உஸ்மான் ரோடும்

இதெல்லாம் பழைய கதை. அதற்குப் பிறகு ஊர் கொஞ்சம் மாறியிருக்கிறது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-ல் அறிவித்தது. 2025-ல் அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்கள் வந்து உட்கார ஏசி ஓய்வறை ஒன்றை மாநகராட்சி திறந்தது. மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டருக்கு ஊரைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. தகரத் தடுப்புகளுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தொப்பியோடு வேலை செய்கிறவர்களில் பலர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். முதுவேனிலுக்குப் புதியவர்கள் அவர்களும்தான், ஆனால் மொழி தெரியாமல் நான் அவர்களோடு பேசியதை எழுதினால் அது கட்டுரை ஆகாது, கற்பனையாகிவிடும். அதனால் மொழி தெரிந்த இடத்துக்குப் போனேன்.

ரங்கநாதன் தெரு, ஆடித் தள்ளுபடி. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் வர வயதும் துணிச்சலும் இல்லாததால் வார நாள் ஒன்றில் போனேன். இந்தக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகளில் பெரும்பகுதி திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்தவர்கள். வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-ல் வந்து அதை ஊருக்கெல்லாம் சொன்னது. உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று கடைக்காரர்களைக் கட்டாயப்படுத்தும் சட்டத் திருத்தம் 2021-ல் வந்தது. நான் பார்த்த கடைகளில் சிலவற்றில் முக்காலி இருந்தது. அதன் மேல் துணி அடுக்கியிருந்தது.

ஒரு கடை வாசலில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வயது இருபது இருக்கலாம். கூப்பிடுவதுதான் வேலை. உள்ளே ஏசி, வெளியே தெரு, நடுவே கதவு கிடையாது. அந்தக் கோட்டின் மேல் அவள். பேச்சைக் கேட்டதும் ஊர் தெரிந்துவிட்டது. “எந்த ஊரும்மா, கடையநல்லூர்ப் பக்கமா?” என்றேன். கண் விரிந்தது. “எப்படிண்ணே கண்டுபுடிச்சிய?” வந்து ஏழு வாரம் ஆகிறது என்றாள். வெக்கை எப்படி என்று கேட்டேன். தோளைத் திருப்பிக் காட்டினாள். “முதுகு குளுருது, மூஞ்சி வேகுது. ராத்திரி ஆஸ்டல்ல போயி படுத்தா ரெண்டும் சேந்து காய்ச்ச வந்தாப்ல இருக்கு.” கழுத்தடியில் வேர்க்குருவுக்குப் போட்ட பவுடர் வியர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

கடை வாசலுக்கு மேலே ஆடித் தள்ளுபடிக்காகப் பிளாஸ்டிக் தோரணம் கட்டியிருந்தார்கள். அதைக் கையால் காட்டினாள். “வேடிக்கை ஒண்ணு பாத்தியளா? காலைல கடை தொறக்கும்போது இது பூரா உஸ்மான் ரோட்டுப் பக்கம் பறக்கும். ஸ்டேஷன் பக்கமிருந்து அடிக்கிற காத்து, தீயா அடிக்கும். மூணு மணிக்கு மேல எல்லாம் அப்படியே திரும்பிரும். உஸ்மான் ரோட்டுப் பக்கமிருந்து வரும். அது கொள்ளாம். ஒடம்பு கசகசங்கும், ஆனா கொள்ளாம்.”

எனக்கு இதைச் சொல்லித்தர ஒரு மேனேஜர் அண்ணன் தேவைப்பட்டார். இவள் தானாகவே ஏழு வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாள், வாசலில் நிறுத்தியதால். ஸ்டேஷன் பக்கம் மேற்கு. உஸ்மான் ரோடு கிழக்கு.

“காலைல அடிக்கிது பாரு, அது நம்ம ஊருக்குச் சாரல் கொண்டாற காத்துதான்” என்றேன்.

நம்பவில்லை. நேற்றுத்தான் அம்மா போன் பண்ணினாளாம், ஊரில் துணி காயவில்லை என்று ஒரே புலம்பலாம். “அப்ப அங்க குளுந்து அடிக்கிறது இங்க வந்து ஏன்ணே இந்தப் பாடு படுத்துது?”

“மலையில தண்ணியப் பூரா எறக்கிட்டு வருதுல்லா…” என்று தொடங்கினேன். அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் படியேறியது. அவள் முகம் வேறானது. “வாங்கக்கா, உள்ள வாங்க, சுடிதார் ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ, மேல போனா பட்டு…” அக்காவோடு அவளும் நாலு அடி உள்ளே போனாள். மணி மூன்றே கால். தோரணம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். ஒரு முனை லேசாக நெளிந்து, ஸ்டேஷன் பக்கம் சாய்ந்தது.